எண்பத்தெட்டாவது வட்டம்

அறுபத்து மூன்று.

அவள் திருகைச் சற்றே திருப்பினாள். நுண்ணோக்கியின் அடியில் சளி தடவிய கண்ணாடிச் சில்லு ஒரு மயிரிழை நகர்ந்தது. புதிய வட்டம் ஒன்று கண்ணுக்குள் வந்தது.

நீலம். எங்கும் நீலம்.

அறுபத்து நான்கு.

நூறு வட்டங்களைப் பார்க்காமல் ‘கிருமி இல்லை’ என்று எழுதக் கூடாது. பரிசோதனைக் கூடத்தின் விதி அது. தொண்ணூற்றொன்பதில் எழுந்தவள் அல்லள் அவள்.

தேடுவது ஒரு சிவப்புக் கோடு. இமை மயிரின் துணுக்கைப் போல மெலிந்தது, சற்றே வளைந்தது. காசநோய்க் கிருமி.

அதன்மேல் அவளுக்கு ஒருவகை மரியாதை உண்டு. மற்றக் கிருமிகள் அமிலம் பட்டதும் ஏற்ற சிவப்பை விட்டுவிடும். பின்னர் ஊற்றும் நீலத்தைக் கூச்சமின்றி உடுத்திக்கொள்ளும். இது மெழுகுச் சட்டை போட்டது. ஒருமுறை ஏற்ற நிறத்தை உயிர் போனாலும் விடாது.

சன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு. அந்தச் சளிக்கு உரியவர் அதில் இருந்தார். தவசிமுத்து. ஒரு கோடியில் அவர். மறு கோடியில் அவர் மனைவி ஆவுடையம்மாள். நடுவில் மூன்று பேர் அமரலாம்.

இரண்டு மாதமாக மாத்திரை விழுங்குகிறார். இரண்டு மாதமாக ஆட்டுக் கொட்டகையில் படுக்கிறார். இனி வீட்டுக்குள் படுக்கலாம் என்று மருத்துவர் சென்ற மாதமே சொல்லிவிட்டார்.

அவர் கேட்கவில்லை. கண்ணாடி சொல்லட்டும் என்றார்.

“ஆட்டுக்கு மட்டும் ஒண்ணும் ஒட்டாதாக்கும்?” ஆவுடையம்மாளின் குரல் உள்ளே கேட்டது.

“அதுக உன்னய மாதிரி மூஞ்சிக்கு நேர வந்து தொணதொணக்காதுட்டி.”

நுண்ணோக்கியில் கண் வைத்தபடியே அவள் சிரித்தாள். எண்ணிக்கை தவறவில்லை.

எண்பத்தாறு. நீலம்.

எண்பத்தேழு. நீலம்.

எண்பத்தெட்டு.

கிடந்தது.

ஒன்றே ஒன்று. சிவப்பு.

கண்ணை எடுத்தாள். மூச்சு விட்டாள். மீண்டும் வைத்தாள். அது போகவில்லை.

நூறில் ஒன்று என்றாலும் ஒன்றுதான். ‘உண்டு’ என்று எழுத வேண்டும். எழுதினால் அந்த மனிதர் மறுபடியும் கொட்டகைக்குப் போவார். எவர் சொன்னாலும் திரும்பமாட்டார்.

திருகை அரைச்சுற்றுச் சுற்றினால் போதும். அந்த வட்டம் மறைந்துவிடும். எவருக்கும் தெரியப்போவதில்லை.

விரல் திருகின்மேல் இருந்தது.

புலிகள் காலி செய்துவிட்டுப் போன காட்டில் புலியின் காலடித் தடம் ஒன்று. கண்டவன் என்ன செய்வான்? மண்ணைத் தள்ளி மூடலாம். ஊரைக் கூட்டலாம். புத்தியுள்ளவன் முதலில் குனிந்து பார்ப்பான். அது இந்தக் காட்டுப் புலிதானா?

அவள் பக்கத்துத் தட்டைப் பார்த்தாள்.

இதற்கு முந்திய சில்லு அதில் இருந்தது. வேறொருவருடையது. வட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சிவப்புக் கோடுகள். அதைப் பார்த்து முடித்தபோதுதான் ஆவுடையம்மாள் சன்னலில் முகத்தை வைத்து, “அவுகளது பாத்தாச்சா தாயி?” என்று கேட்டாள். பதில் சொல்ல இவள் எழுந்தாள். திரும்பி வந்து, அடுத்த சில்லில் எண்ணெய்ச் சொட்டு விட்டு, லென்ஸை அதில் இறக்கினாள்.

நடுவில் லென்ஸைத் துடைத்தாளா?

நினைவில்லை.

துடைக்காத லென்ஸில் பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும். எண்ணெயில் ஏறி ஒரு கிருமி காடு மாறுவது பெரிய காரியமன்று.

அவள் ‘உண்டு’ என்றும் எழுதவில்லை. ‘இல்லை’ என்றும் எழுதவில்லை. கதவைத் திறந்தாள்.

“இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்மா. என் கைத்தப்பு. திரும்பப் பாக்கணும்.”

தவசிமுத்து பெஞ்சின் விளிம்புக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

“இருக்கட்டும் தாயி,” என்றாள் ஆவுடையம்மாள். “நீ நல்லாப் பாரு.”

குப்பியில் சளி மிச்சமிருந்தது. புதுச் சில்லை எடுத்தாள். தடவினாள். உலர்த்தினாள். சுடரில் காட்டினாள். சிவப்பை ஊற்றி ஆவி எழும்வரை சூடேற்றினாள். அமிலம். தண்ணீர். நீலம்.

லென்ஸைத் துடைத்தாள். இன்னொரு முறையும் துடைத்தாள்.

இதிலும் இருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒன்று.

பத்து.

ஐம்பதில் கண்ணில் நீர் கோத்தது. புறங்கையால் ஒற்றிக்கொண்டாள்.

எண்பத்தெட்டு. நீலம்.

நூறு. நீலம்.

விதிப்படி அங்கே நிறுத்தலாம். நிறுத்தவில்லை. நூற்றொன்று என்று தொடங்கினாள்.

இருநூறில் தலையை நிமிர்த்தினாள். கழுத்து வலித்தது. எழுதிக் கையெழுத்திட்டாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“கிருமி இல்லைங்கய்யா.”

தவசிமுத்து கை நீட்டவில்லை.

“நல்லாப் பாத்தியளா? ஒண்ணுகூட இல்லியா?”

“முதல்ல ஒண்ணு தெரிஞ்சுது. அது உங்களதுதானான்னு சந்தேகம். புதுசாப் போட்டு எரநூறு எடம் பாத்துட்டேன். இல்ல.”

அவர் காகிதத்தை வாங்கினார். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, மனைவியின் பக்கம் திரும்பாமல், காகிதம் தந்தவளிடம் மட்டும் தணிந்த குரலில் கேட்டார்.

“அப்பம், என் பாய இனி உள்ள விரிச்சுக்கிடலாமா?”

ஆவுடையம்மாள் எழுந்தாள். சேலையை உதறினாள். பேருந்து நிறுத்தத்தை நோக்கி நாலடி நடந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“புதுசா விரிக்கதுக்கு, அத நான் என்னைக்குச் சுருட்டுனேன்?”