முக்காடு

துப்பட்டாவின் நிறம் பச்சை என்றுதான் நினைவு, நீலமாகவும் இருந்திருக்கலாம். ஆள்கடத்தலுக்கு எதிராக எங்கள் மகளிர் குழு நடத்திய கூட்டம் அது. வடக்கே ஒரு விடுதியிலிருந்து நாங்கள் மீட்டு வந்த இளவஞ்சியை முகத்தை மூடி மேடையில் உட்கார வைத்திருந்தோம்.

“மூச்சு முட்டுதுக்கா.”

“பொறுத்துக்கடி. உன் நல்லதுக்குத்தான்,” என்றார் குழுத் தலைவி கனகாக்கா.

தன்னை விற்றது யாரென்று இளவஞ்சி அதுவரை வாய் திறக்கவில்லை. பந்தல் செலவை ஏற்றிருந்த தங்கவேலுவுக்குப் பொன்னாடை போர்த்தியபோது அவள் எழுந்தாள். துப்பட்டாவை உருவி அவர் தலையில் போட்டு, முகம் தெரியாதபடி இழுத்து மூடினாள்.

“மூட வேண்டிய மூஞ்சி இதுதான்க்கா. வேலை வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போய் என்னை வித்தது இந்த ஆளுதான்.”

யாரும் கைதட்டவில்லை. “பெரிய மனுஷனை இப்படியா பண்றது?” என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார். சற்று முன் மேடையில் நாங்கள் சொன்ன அவள் கதையைக் கேட்டபோது அவருக்கு அந்தக் கோபம் வரவில்லை.

தங்கவேலு கைதாகி, சில நாட்களிலேயே ஜாமீனில் வந்தான். இப்போது பேரூராட்சி உறுப்பினர். இளவஞ்சிக்கு ஊரில் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. கனகாக்காவின் வீட்டில் தங்கித் துணி தைக்கிறாள். வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா நாங்கள் மூவரும் பஸ் ஏறிப் போகிறோம். அவன் காரில் வருகிறான்.