பழைய ஷூவும் சுண்டுவிரலும்

மலையேறுவதற்காகப் பூங்கோதை புது ஷூ வாங்கினாள். முன்பக்கம் அகலமாக, குதிகாலும் விரலும் ஒரே மட்டத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

அலமாரியில் கிடந்த கூர்மூக்குப் பழைய ஷூவுக்கு வயிறு எரிந்தது. "வாத்து மூஞ்சி. குதிகால் உயரமும் இல்லை. இதில் என்னத்தைக் கண்டாளோ" என்றது.

ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கி வந்த புது ஷூ, சேற்றோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"சுண்டுவிரல் என்னைப் பற்றிக் கேட்டதா?" என்றது பழையது.

"இல்லையே. மற்ற விரல்களோடு நன்றாக நீட்டிப் படுத்துக்கொண்டது. வழி முழுக்க வாயே திறக்கவில்லை."

பழைய ஷூவுக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

"அப்படியானால் உன்மேல் அதற்கு ஒட்டுதலே இல்லை. என்னோடு வந்தால் இறங்கும் வழியெல்லாம் அழும். என்னைக் கழற்றிவிட்டால் ஏங்கி ஏங்கி, மறுநாள்வரை சிவந்து வீங்கிக் கிடக்கும். அவ்வளவு பாசம்."