பின்னாலேயே வந்த படகு

"அந்தாளு இன்னைக்கும் பின்னாடியே வாராரு பாரு கண்ணு," என்றாள் படகில் பயணிகளோடு உட்கார்ந்திருந்த அம்புஜம்.

செவ்வந்தி திரும்பிப் பார்க்கவில்லை. காவிரியில் அரசு புதிதாக விட்ட பேட்டரிப் படகை அவள் ஓட்ட ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது. அன்றிலிருந்து ஆறுச்சாமியின் டீசல் படகு, ஆளே ஏறாமல், புகையைக் கக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறது.

"பொழப்புப் போன வயித்தெரிச்சல். இந்தப் படகு எப்ப நிக்கும், எப்பச் சிரிக்கலாம்னு காத்துட்டிருக்காரு. அந்தாளோட யாரும் பேசக்கூடாதுன்னு ஊரு பூராச் சொல்லிப்போட்டேன்."

"எதுக்குங்கக்கா அதெல்லாம்?"

சொல்லி முடிப்பதற்குள் நடு ஆற்றில் படகு குலுங்கி நின்றது.

செவ்வந்தி சுவிட்சைத் திருப்பிப் பார்த்தாள். மோட்டார் முனகி அடங்கியது. தண்ணீருக்குள் சுற்றும் விசிறியில் ஆகாயத்தாமரை இறுகச் சுற்றியிருந்தது.

அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். படகு பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. நீரோட்டம் இழுத்துப் போகும் பக்கம் கதவணையின் மதகுகள். நங்கூரத்தை வீசினாள். அது பிடிக்காமல் கூடவே இழுபட்டு வந்தது.

"யாரும் எந்திரிக்காதீங்க. அப்படியே உக்காருங்க."

டீசல் சத்தம் நெருங்கியது.

"சிரிக்கத்தான் வாராரு," அம்புஜம் பல்லைக் கடித்தாள்.

ஆறுச்சாமி சிரிக்கவில்லை. செடிக் கூட்டத்துக்கு வெளியிலேயே நிறுத்திக் கயிற்றை வீசினார்.

"முன்னாடி கொக்கியில மாட்டு அம்மணி. பதறாத."

முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது. கதவணையின் இரைச்சல் இப்போது நன்றாகவே கேட்டது. அடுத்த வீச்சைச் செவ்வந்தி பாய்ந்து பிடித்தாள்.

கரை சேர்ந்ததும் அம்புஜம் இறங்கி அவர் எதிரில் போய் நின்றாள்.

"இனி இந்தப் படகே வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லுவீங்க. சனங்க மறுபடியும் உங்க படகுக்கே வந்துரும். அதுக்குத்தானுங்களே டீசலை ஊத்திப் பின்னாடி வந்தீங்க?"

ஆறுச்சாமி ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"இல்லீங்க. இந்தப் புள்ளைக்குக் கை பழகற வரைக்குந்தான் வருவேன். அப்புறம் எம்பட படகைக் கரையேத்திப் போடுவேன். ஊரே குடிக்கற தண்ணியில அதோட எண்ணெய் மெதக்கறதைப் பாத்துட்டு இருக்க முடியலைங்க."

"இந்தப் படகு நின்னா உங்களுக்கென்னங்க?"

"எனக்கென்னவா? பேட்டரிப் படகு விடுங்கன்னு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு கேட்டதே நாந்தானுங்க."