ஐந்தாவது ஆணி

முள் அசையவில்லை.

வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினேன். டயல் கேஜின் முள் பூஜ்யத்தை விட்டு மயிரிழைகூட நகரவில்லை. உலோகத்தைச் சீவிச் சமமாக்கும் மில்லிங் மெஷின், அதுவும் முப்பது வருடப் பழையது, இத்தனை துல்லியமாக இருக்கவே கூடாது. சந்தேகம் வந்து கேஜைத் தட்டிப் பார்த்தேன். கேஜ் சரியாகத்தான் இருந்தது.

விற்பவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதை வாயெல்லாம் பல்லாக ரசித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இந்தக் கட்டத்தில் பேச்சுக் கொடுத்துக் கவனத்தைக் கலைப்பார்கள். இவர் டார்ச் அடித்து உதவினார்.

இதற்கு முன் மூன்று மெஷின் பார்த்துவிட்டேன். ஒன்றில் கைச்சக்கரத்தைக் கால் சுற்று சுற்றிய பிறகுதான், துண்டைத் தாங்கும் மேசை நகரலாமா என்று யோசித்தது. இன்னொன்றில் துருவின் மேலேயே பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மூன்றாமவர் மெஷினைக் காட்டும் முன், வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார். வாங்குவதும் நான்தான், ஓட்டுவதும் நான்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

என் பையில் ஒரு பித்தளைக் கட்டி இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் நீராவி எஞ்சினுக்கு நானே செய்த சிலிண்டர்.

பகலெல்லாம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு வந்து, சாயங்காலங்களில் இரண்டு மாதம் அதன் ஒரு முகத்தை அரத்தால் ராவினேன். நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் ஆவி சீறிக்கொண்டு வெளியே ஓடியது. பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். ஒரே ஒரு துண்டுக்கெல்லாம் மெஷினை ஓட்ட முடியாது, இருபதாகக் கொண்டு வாருங்கள் என்றார்கள். இருபது எஞ்சினை வைத்துக்கொண்டு நான் ஊர்வலமா விட முடியும்?

அந்த ஒரு முகம் சமமானால் போதும், எஞ்சின் ஓடும். அது ஓடுவதைப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது.

மேசையை மூன்று திசையிலும் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போய் வந்தது. முன்பணம் நீட்டினேன். வண்டியில் ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

அவர் மனைவியும் அப்படித்தான். விளம்பரத்தைப் பார்த்து நான் போன் செய்தபோது, பொறுப்பாக என் உயரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மெஷின் நெட்டை, எனக்கு முக்காலி வேண்டியிருக்குமோ என்று யோசிக்கிறார் போல என நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான். ஆனால் பட்டறைச் சுவரில் ஐந்து ஆணிகள் இருந்தன. நான்கில் எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரன்கள், குட்டையும் நெட்டையுமாக. ஐந்தாவது காலி.

அப்போது என் கணவர் போனில் வந்தார். கார் நிறுத்தும் இடத்தில் பாதியை எனக்காக ஒழித்து, தரைக்குப் புது சிமென்ட் பூசிக் காயவைத்திருக்கும் மனிதர். நம் வீட்டுக் கதவு நாலடி, அங்கே கதவு எத்தனை அடி என்று லாரிக்காரர் கேட்கிறார் என்றார்.

நான் கதவைப் பார்த்தேன். மெஷினைப் பார்த்தேன். மறுபடி கதவைப் பார்த்தேன்.

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளந்தவள், கதவைக் கோட்டை விட்டுவிட்டேன்.

டேப்பை எடுத்தேன். கதவு இரண்டே காலடி. மேசையைக் கழற்றிவிட்டாலும் மெஷினின் உடம்பு ஒரே வார்ப்பு, எப்படித் திருப்பினாலும் மூன்றடி. ஜன்னலோ கதவை விடச் சிறியது.

பிறகு இது உள்ளே வந்தது எப்படி என்று கேட்டேன். கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல அவர் டார்ச்சை அணைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்தார். பதில் சமையலறையிலிருந்து வந்தது.

“மெஷினை இறக்கி வெச்சுட்டுத்தாம்மா இவரு வீட்டையே கட்டினாரு. மாடியத் தாங்குற சுவரை இடிச்சாத்தான் அது வெளிய போகும்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஊரார் வீட்டு மாடிக்கெல்லாம் ஆளை ஏற்றி இறக்க வழி செய்கிறவர், தன் மெஷினை வாசல் தாண்ட வைக்க முடியாமல் அசடு வழிந்துகொண்டு நின்றார். கோபம் நிற்கவில்லை, சிரித்துவிட்டேன். அப்புறம் எதற்கு விளம்பரம் என்றேன்.

“தனியா ஓட்டினா போரடிக்குதுங்க டீச்சர்.”

சொல்லிவிட்டு, பையில் கனமாக என்ன என்று கேட்டார். கட்டியை வாங்கி, நான் ராவிய முகத்தை விரலால் தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதைக்காகவே அவரை மன்னித்தேன். மேசைமேல் இருந்த வைஸ் பிடியில் வைத்து இறுக்கி, கைச்சக்கரத்தை என்னிடம் விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

பத்தே நிமிடத்தில் முகம் முழுவதையும் சீவி முடித்தேன். ஸ்கேலின் விளிம்பை முகத்தின்மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். ஸ்கேலுக்கு அடியில் துளி வெளிச்சம் கசியவில்லை. ஸ்கேலைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தேன்.

கணவரை அழைத்து, லாரி வேண்டாம் என்றேன். அப்படியானால் அந்த சிமென்ட் தரை என்று பாவமாக இழுத்தார். எஞ்சின் அங்கேதான் முதலில் ஓடப்போகிறது என்றேன்.

என் உடையெல்லாம் பித்தளைச் சீவல். அந்த அம்மா வந்து பார்த்து, முதலிலேயே தந்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன் என்று வருத்தப்பட்டார். மாட்டியிருக்கும் நாலும் இதே மெஷினை வாங்க வந்த நாலு பேருடையதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் வந்துவிடுவார்களாம்.

கையில் வைத்திருந்த நீல ஏப்ரனை என்னிடம் நீட்டினார். புதிது. தையல் நூலின் நுனியைக்கூட இன்னும் வெட்டவில்லை.

கட்டிப் பார்த்தேன். முழங்காலுக்கு ஒரு விரல் கீழே, அளந்து வெட்டியது போல நின்றது.

அளந்துதான் வெட்டியிருக்கிறார். போனில் அவர் கேட்டது முக்காலிக்காக இல்லை.