அவசர பட்டன்

ஸ்ரீரங்கத்தில் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. தனியாக மாட்டிக்கொண்ட பொன்னுத்தாய் அவசர பட்டனை அழுத்தினாள்.

லிஃப்ட் கம்பெனிக்காரனின் குரல் ஸ்பீக்கரில் இங்கிலீஷாகக் கொட்டியது.

“தம்பி, தமிழ்ல சொல்லுங்க. மூச்சு முட்டுது!”

மறுபடியும் அதே இங்கிலீஷ். அவள் கதவை அறைந்து அழுதாள்.

குரல் சட்டென்று தணிந்தது. “அழாதீங்கம்மா. ஆள் கிளம்பியாச்சு, பத்து நிமிஷத்துல திறந்துடுவாங்க.”

“அடப்பாவி, தமிழ் தெரியுமா உனக்கு?”

“எனக்கு ஊரே ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்துல ஜீயபுரந்தாம்மா. இங்க ஆபீஸ்ல தமிழ் பேசுனா வேலை போயிடும்... ஐயோ, சூப்பர்வைசர் வராரு!”

இங்கிலீஷ் திரும்பியது. ஒன்றும் புரியாவிட்டாலும் அவள் அவனுக்காக, “யெஸ், யெஸ்” என்று உரக்கச் சொன்னாள்.

கதவு திறந்தது. பொன்னுத்தாய் வெளியே வந்துவிட்டாள். காலி லிஃப்டுக்குள் அவன் குரல் மட்டும் இன்னும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தது.