கீரப்பாளையத்துத் தவளை

"புரோகிராம் எழுதத் தெரியாதுங்கிறே. அப்புறம் எப்படிம்மா இவ்வளவு ரெக்கார்டிங்கையும் அலசுனே?"

தேவநாதன் குரலில் கோபம் இல்லை, சந்தேகம் இருந்தது. முப்பது வருடமாகத் தவளைகளை ஆராய்பவர். ஆராய்ச்சி மாணவி வெண்மதிக்கு உதவித்தொகையைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று முடிவு சொல்லச் சென்னையிலிருந்து சிதம்பரம் வந்திருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த வெண்மதி அவர் முகத்தையே பார்த்தாள்.

"இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்குது சார். சத்தத்தைப் படமா வரைஞ்சு காட்டும். மவுஸால இழுத்து இழுத்து அளந்தேன். கம்ப்யூட்டர் படிச்சவுங்க, புரோகிராம் இல்லாம ஆகாதுன்னாங்க. எனக்கு அது வரல. அதான் ஒவ்வொரு படமா உக்காந்து பார்த்தேன்."

"ரெக்கார்டிங் யாரு எடுத்தது?"

"எங்க வீட்டுக்காரர் சார். கீரப்பாளையத்துல வரப்பு மேல ரெக்கார்டரை வெச்சு எடுத்தாந்து குடுப்பாரு."

"அதுல ரெண்டு இனம் இருக்குன்னு எழுதியிருக்கே. நாங்கல்லாம் ஒரே இனம்னுதானே சொல்லிட்டிருக்கோம்?"

ஸ்பீக்கரில் இரண்டின் குரலையும் போட்டுக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டும் ஒண்ணுதான். என் காது பொய் சொல்லாது."

பக்கத்தில் நின்ற அவளுடைய ஆய்வு வழிகாட்டி அமிர்தம் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெண்மதி அசரவில்லை. மானிட்டரைத் தொட்டுக் காட்டினாள்.

"இது ஒரே கோடா போவுது. அடுத்ததைப் பாருங்க. கோடே இல்ல, புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்குது."

"மைக் கோளாறா இருக்கும்."

"ஒரே ராத்திரி, ஒரே மைக்கு சார். ரெண்டும் மாத்தி மாத்திக் கத்துது. மங்கலம்பேட்டை ஏரியில எடுத்ததுலயும் இப்படித்தான்."

தேவநாதன் யோசித்தார். ஒலியின் வேகத்தை நன்றாகக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார்.

முதல் குரல் இழுத்த இழுப்பில் நீளமாகப் போனது. இரண்டாவது, டக்... டக்... டக்... என்று தனித்தனியாக விழுந்தது.

இன்னொரு முறை கேட்டார். அப்புறம் இன்னொரு முறை.

"ஈஸ்வரா! எத்தனை மழைக்காலம் இந்த வயலுங்கள்ல நின்னிருக்கேன். ரெண்டும் என் காலடியிலதானே கத்தியிருக்கும்!"

அமிர்தத்தின் பக்கம் திரும்பினார். "உதவித்தொகை தொடரட்டும் மேடம். யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

வெண்மதி அடுத்த படத்தைத் திறந்துகொண்டிருந்தாள். அந்தப் புள்ளிகளையே பார்த்தபடி, தேவநாதன் மெதுவாகக் கேட்டார்.

"சொல்லும்மா, இந்தக் குரலை முதல் தடவை கேட்டப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?"

பதில் இல்லை. அவள் கண் மானிட்டரிலேயே இருந்தது. இன்னும் உரக்கக் கேட்டார். அதற்கும் பதில் இல்லை.

அமிர்தம் குனிந்து அவள் தோளைத் தொட்டார். வெண்மதி நிமிர்ந்ததும், சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து அந்தக் கேள்வியைச் சொன்னார்.

வெண்மதி சிரித்தாள்.

"சின்ன வயசுலயே காய்ச்சல்ல காது போயிடுச்சு சார். தவளை எப்படிக் கத்தும்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."