பத்துக்கு எத்தனை?

"சாதிக் கணக்கு எடுக்க வந்தீங்களா?"

கையில் நோட்டும் பேனாவுமாக வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் பாப்பாத்தி அப்படித்தான் கேட்டாள். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடக்கிற காலம். வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வரும் என்று எலவனாசூர்கோட்டை முழுக்கப் பேச்சாக இருந்தது.

வந்தவள் பொதுவாகத் தலையை ஆட்டிவைத்தாள். "கொஞ்சம் கேள்விதாங்க்கா. வூட்டுக்காரரப் பத்தி."

களையெடுத்துவிட்டு வந்த காலை நீட்டி பாப்பாத்தி உட்கார்ந்தாள். இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. நல்லவேளை, புருஷன் பேரை அவள் கேட்கவில்லை. அதை வாயால் சொல்கிற சங்கடம் மிச்சம்.

"எங்க இருக்காரு?"

"சின்னசேலத்துல, அரிசி மண்டியில. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை வருவாரு. ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டதுல ஒரு வாரமா பஸ்ஸே இல்ல. நேத்துலேந்து ஓடுது. ஆளத்தான் இன்னும் காணோம்."

"குடிப்பாரா?"

"இல்ல."

"அடிப்பாரா?"

"கை நீட்டினதில்லீங்க."

வந்தவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

"சாப்ட்டியான்னு கேப்பாரா?"

பாப்பாத்திக்குச் சிரிப்பு வந்தது. சர்க்காருக்கு இதெல்லாமா வேண்டும்? ஆனால் பதினோரு வருஷத்தில் அவளை உட்காரவைத்து இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

"கேட்டதில்லீங்க. காய்ச்சல்ல கெடந்தப்போ, இன்னா இன்னும் ஒல வைக்கலையான்னுதான் கேட்டாரு. புள்ள செத்துப் பொறந்தன்னிக்கு ஆசுபத்திரி வாசல் வரிக்கும் வந்தாரு. மண்டிக்கு நேரமாவுதுன்னு அப்பிடியே போய்ட்டாரு. நான் அழுதுகினே தனியா பஸ் ஏறி வந்தேன். கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். நான் ஒருத்தி இருக்கேன்னு அவருக்கு நெனப்பு இல்ல, அவ்ளோதான்."

பேனா நின்றுபோயிருந்தது.

"பத்துக்கு எத்தினி மார்க் போடுவீங்க?"

கட்டினவனை விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாதுதான். பொய் சொல்லவும் அன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை.

"ரெண்டு போட்டுக்குங்க."

வந்தவள் போட்டுக்கொள்ளவில்லை. பாப்பாத்தியின் கழுத்துத் தாலியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னாம்மா, சாதியக் கேக்காமயே கெளம்பிட்டீங்க?"

"உங்கள அத்துவுட்டாச்சுன்னு சொன்னாருக்கா. வெள்ளிக்கெழமை எனக்கும் அவருக்கும் கல்யாணம். நிறுத்திடறேன்."